சாய்ந்த வெளிச்சம்

விக்கிரமங்கலத்தில் ஒரு விவசாயி வீட்டுக்கு ஓலைச்சுவடிகளைப் படமெடுக்கப் போயிருந்தேன். சரஸ்வதி பூசைக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுவார்களே தவிர, யாரும் கட்டைப் பிரித்ததில்லையாம்.

“மை போயிடுச்சு, வெறும் ஓலைங்க,” என்றார் அந்த வீட்டு அம்மா, நான் பிரித்த கட்டைப் பார்த்து.

சன்னலைச் சாத்திவிட்டு, கொண்டுபோன விளக்கை ஓலைக்குப் பக்கவாட்டில் சாய்த்தேன். எழுத்தாணிக் கீறல்களில் நிழல் விழுந்தது. குளத்தின் அடியிலிருந்து மீன்கள் வருவதுபோல் எழுத்துகள் மேலே வந்தன. அவர் குனிந்து பார்த்தார்.

படமெடுத்துவிட்டுச் சன்னலைத் திறந்தேன். ஓலை பழையபடி வெறுமையானது.

“நீங்க படத்தைக் கொண்டு போயிடுவீங்க. நான் எப்புடிங்க பாக்குறது?”

சுருக்கென்றது. சன்னலை மறுபடி சாத்தி, அவருடைய செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன். எழுத்துகள் அவரிடமும் வந்தன.

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும், வெளிச்சத்தை முதலில் அவர்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் கேமராவைத் தொடுகிறேன்.