கல்லில் முதல் வரி மட்டும்

எங்கள் அத்தையின் லாண்டரிக்குப் பெயர்ப்பலகை கிடையாது. நீராவி வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்து நிற்கும், அடையாளம் அதுதான். மகளைப் புதைத்த மறுவாரமே அத்தை கடையைத் திறந்துவிட்டாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம், “துணி குடுக்க வந்தீங்களா, வாங்க வந்தீங்களா?” என்று கேட்டாள். இரண்டுக்கும் வராதவர்கள் மெல்ல நழுவினார்கள்.

சிறுநீரகம் கெட்டுப் படுத்திருந்த அந்தப் பெண்ணுக்காகச் சபையே மண்டியிட்டு ஜெபித்தது. பிழைப்பாள் என்று வாக்கும் கொடுத்தது. அவள் பிழைக்கவில்லை. கல்லறைக் கல்லுக்கு வசனம் கேட்டபோது, பழைய எபிரேயப் பாட்டு ஒன்றின் முதல் வரியை அத்தை சொன்னாள். ஏன் கைவிட்டீர் என்று கடவுளையே கேட்கும் வரி. கல்வெட்டுகிறவர் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொண்டு வெட்டிக் கொடுத்தார். கல்லறைக் கமிட்டி அந்தக் கல்லை வாசலிலேயே திருப்பி அனுப்பியது.

அத்தை அதைக் கொண்டுவந்து கடைமுகப்பில் சாத்திவைத்தாள்.

சனிக்கிழமை, போதகர் தன் வெள்ளை அங்கியை வாங்க வந்தார். கூடவே கமிட்டிச் செயலாளர்.

“ஏம்மா, ஊரே வந்து போற கடை. இதைப் போய் வாசல்ல வச்சிருக்கீங்களே?” என்றார் செயலாளர்.

“அங்க இடமில்லைன்னுட்டீங்க. இங்க வாடகை நான் குடுக்கறேன்.”

போதகர் குரலைத் தணித்துக்கொண்டார். “அந்தப் பாட்டு அழுகையில ஆரம்பிச்சாலும் துதியிலதாம்மா முடியுது. கடைசி வரியை வெட்டிக்கலாமே.”

“போன மாசம் நீங்க பண்ணின பிரசங்கம் எனக்கு மறக்கலை ஐயா.”

எனக்கும் மறக்கவில்லை. சிலுவையில் செத்த ஒருவனை மீட்பர் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சுவிசேஷம் எழுதியவர்களுக்கு இருந்த தலைவலி அதுதான் என்றார் போதகர். ஆகவே கேட்கிறவர்கள் சின்ன வயதிலிருந்தே பாடிவந்த இதே பாட்டை எடுத்தார்கள். அதன் முதல் வரியைச் சிலுவையில் சாகிறவரின் வாயிலிருந்தே கேட்கவைத்தார்கள். ஒரு வரி காதில் விழுந்தால் மிச்சப் பாட்டு தானே உள்ளே ஓடும் என்றார்.

“அவங்களுக்கு ஒரு வரி போதும்னீங்க. நம்ம சபைக்குப் போதாதா?” என்றாள் அத்தை. “முழுப் பாட்டும் தெரியாதா?”

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி மாமா, துணி வாங்க வந்து நின்றவர்களைப் பார்த்து, “தெரிஞ்சவங்க கையைத் தூக்குங்கப்பா,” என்றார். யார் கையும் எழவில்லை. மாமாவின் கையும்தான்.

“அவங்க நம்பிக்கையோடதான் அந்த வரியை எடுத்தாங்கம்மா,” என்றார் போதகர்.

“நானும் நம்பிக்கையோடதான் கேக்கறேன். நம்பிக்கை இல்லாதவ யார்கிட்டப் போய்க் கேப்பா?”

செயலாளர் முகம் சிவந்தார். “ஆளாளுக்குக் கடவுளைக் கேள்வி கேட்டா எப்படி?”

“முதல்ல கேட்டது நானில்லைங்க. அவர் பிள்ளையே கேட்டுட்டார். அதை மறைக்காம எழுதினாங்க பாருங்க, அதனாலதான் நான் நம்பறேன். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு எழுதியிருந்தா, போங்கடான்னு எழுந்து வந்திருப்பேன்.”

“ரெண்டு வரியையும் வெட்டிடலாமா?” போதகர் கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

“கடைசி வரி எனக்கு இன்னும் வரலை ஐயா. வராததை வெட்டினா, என் பொண்ணு தலைமாட்டுல பொய் நிக்கும்.”

போதகர் அங்கியை வாங்கிக்கொண்டார். இஸ்திரி மடிப்பு கலைவதுகூடத் தெரியாமல் மார்போடு அணைத்தபடி நின்றார். “கமிட்டி முடிவுல நான் தலையிட முடியாதும்மா,” என்றார் கடைசியில்.

“தலையிட வேண்டாம். தடுக்காம இருங்க.”

திங்கட்கிழமை அத்தை துணி வண்டியில் கல்லை ஏற்றிக்கொண்டு கல்லறைக்குப் போனாள். நானும் மாமாவும் தள்ளினோம். காவல்காரர் வழியில் நின்றார்.

“செயலாளர் உத்தரவு இல்லியேக்கா.”

“தடுத்தேன்னு சொல்லிக்கோப்பா. ரொம்ப நல்லாத் தடுத்தேன்னு நானும் சாட்சி சொல்றேன்.”

அவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, கல்லின் மறுமுனையைப் பிடித்தார்.

நட்ட கல்லைப் பிடுங்கி எறியப் போவதாகச் செயலாளர் ஆள் விட்டுச் சொன்னார். அத்தை காலரில் சோப்பைத் தேய்த்துக்கொண்டே வந்தவனிடம் சொல்லி அனுப்பினாள்: “தாராளமா வரச் சொல்லு. கல்லு முன்னால நின்னு முழுப் பாட்டையும் புத்தகம் பார்க்காம சொல்லட்டும். சொல்லி முடிச்சுட்டுப் பிடுங்கட்டும்.”

இதுவரை யாரும் வரவில்லை.