தூக்குவாளியில் வந்த கஞ்சி

பரிதாவுக்குக் கோபம் வருவது பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியால்தான். "உங்க ஊட்டுக்காரரு இப்ப எப்படிங்க இருக்காரு?"

கேட்பதில் தவறில்லை. ஆனால் ஊட்டுக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே அவளிடம் கேட்பார்கள். ஏற்காடு பஸ் நிலையத்தில் சிக்கந்தர் அவளோடு தோள் உரச நின்றுகொண்டிருப்பார். கேட்பவரின் பார்வை அவர் முகத்தில் விழும், இடது கன்னத்திலிருந்து கழுத்துக்கு இறங்கும் தையல் தடத்தைத் தொடும், சூடு பட்டதுபோல் உடனே பரிதாவின் முகத்துக்குத் தாவிவிடும்.

"அவரயே கேளுங்க. காது நல்லாத்தான் கேக்குது," என்பாள் பரிதா.

"அதுக்கில்லீங்க. அவருக்கு எதுக்குச் சிரமம்னுதான்..." கேட்டவர் மெல்ல நகர்ந்துவிடுவார். பதிலுக்குக் காத்திருக்கும் அந்த அரை நிமிடம் யாருக்குச் சிரமம் என்று பரிதாவுக்கு நன்றாகத் தெரியும்.

காப்பித்தூள் வாங்கக் கடைக்கு வந்த ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். "புகையிலை போட்டா வராம என்னங்க பண்ணும்?" என்றார். சொல்லும்போதே அவருடைய கீழுதட்டுக்குள் ஒரு புகையிலை உருண்டை புடைத்துக்கொண்டிருந்தது. சிக்கந்தர் புகையிலை அடக்கியவர்தான், அவள் இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக அவரோடு எத்தனையோ நாள் பேசாமல் இருந்திருக்கிறாள், பொட்டலத்தைப் பிடுங்கி அடுப்பில் போட்டிருக்கிறாள். ஆனால் அது அவளுடைய சண்டை. அதில் ஊராருக்குப் பங்கு கொடுக்க அவள் தயாராக இல்லை.

இத்தனைக்கும் பரிதா அதிகம் பேசாதவள். ஓமலூரிலிருந்து கலியாணமாகி மலைக்கு வந்தவள். ஏரிக்குப் போகும் சாலையில் சிக்கந்தரும் அவர் தம்பி முகமது ஆசிக்கும் மிளகு, காப்பித்தூள், ஏலக்காய் விற்கும் கடை வைத்திருந்தார்கள். கடைக்குப் பின்கட்டில் காப்பிக்கொட்டை வறுப்பது பரிதா. முன்னால் நின்று பேசுவது சிக்கந்தர். காரிலிருந்து கால் கீழே வைப்பதற்குள் ஆளைக் கடைக்குள் இழுத்துவிடும் பேச்சு. அவள் பேசாத பேச்சையும் சேர்த்து அவர்தான் பேசிக்கொண்டிருந்தார். இப்போது ஊரே சேர்ந்து, அவருக்கும் சேர்த்து அவளைப் பேசச் சொல்கிறது.

கன்னத்துப் புண் ஆறாமல் போய், கீழே சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது புற்று என்றார்கள். இடது கன்னத்தையும் கீழ்த்தாடையில் ஒரு பகுதியையும் எடுத்துவிட்டு, நெஞ்சுச் சதையைத் திருப்பிக் கொண்டுவந்து கன்னமாக வைத்துத் தைத்தார்கள். மூக்கு வழியாகக் குழாய். தொண்டையில் மூச்சுக்கு ஒரு ஓட்டை. பரிதா கேப்பைக் கூழையும் பருப்பையும் அரைத்து, வடிகட்டி, மறுபடி வடிகட்டிக் குழாயில் விடக் கற்றுக்கொண்டாள். சளி அடைத்தால் பதறாமல் எடுக்கவும் கற்றுக்கொண்டாள். தொண்டை ஓட்டை மூடிய பிறகு சிக்கந்தர் திக்கித் திக்கிச் சொன்ன முதல் முழு வாக்கியம் ஒரு கேலி. நெஞ்சுச் சதையோடு வந்த முடி வாய்க்குள்ளேயே வளர ஆரம்பித்திருந்தது. "எல்லாரும் தாடிய வெளிய வெச்சிருக்காங்க. நான் உள்ள வெச்சிருக்கேன்." பரிதாவுக்கு அது புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து சிரித்தாள். கொஞ்சம் அழவும் செய்தாள்.

பிறகு கதிர் சிகிச்சை. தொண்டை வெந்து கிடக்கிற மனிதரைத் தினமும் கொண்டை ஊசி வளைவுகளில் குலுக்கிக் கொண்டுபோக முடியாது. அடிவாரத்தில் உறவுக்காரர் வீட்டில் ஓர் அறை கேட்டு வாங்கி அங்கேயே தங்கினாள். கதிர் முடிந்தபோது வாய்க்குள் இருந்த முடி உதிர்ந்திருந்தது, நாக்கில் ருசியும் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த ராஜேஸ்வரி இரண்டு விஷயங்களைக் கண்டிப்பாகச் சொன்னார். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் கொடுத்துத் தினமும் வாயைத் திறக்கவேண்டும். "கதிர் பட்ட சதை சுருங்கிட்டே வரும்மா. இப்ப விட்டுட்டா அப்புறம் வாய் திறக்கவே திறக்காது, ஆயுசுக்கும் குழாய்தான்." இரண்டாவது: "அவரு பேசறது புரியலன்னா யாரும் உங்களத்தான் பாப்பாங்க. நீங்க வாயைத் திறக்காதீங்க. நீங்க பேசினா அவரு பேசமாட்டாரு."

மலைக்குத் திரும்பியதும் சிக்கந்தர் கடைக்குப் போனார். மூக்குக் குழாய் போய்விட்டது, குச்சி அடுக்கும் உயர்ந்துகொண்டே வந்தது. ஒருநாள் பரிதா பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தபோது, அவருடைய நாற்காலி கல்லாவுக்குப் பின்னால் தள்ளிப் போடப்பட்டிருந்தது. அதற்கு முன்னால் பூப்போட்ட துணியில் ஒரு திரை.

"குளுருக் காத்து அண்ணனுக்கு ஆகாதுல்லங்க அண்ணி," என்றான் ஆசிக்.

முந்தின நாள் நடந்ததை அவள் பார்த்திருந்தாள். சிக்கந்தர் துண்டால் வாயோரத்தைத் துடைத்ததும், ஊர் சுற்ற வந்த ஒரு பெண் கையில் எடுத்த மிளகுப் பொட்டலத்தைத் திரும்ப வைத்துவிட்டுப் போனாள். குளிர்காற்று அந்தப் பக்கமிருந்துதான் வந்தது.

அன்று மாலை குச்சிகள் இருந்த கண்ணாடி டம்ளரை சிக்கந்தர் அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். பரிதா எடுத்து நீட்டினாள்.

"யாருகிட்டப் பேசறதுக்கு?" என்றார். அதன் பிறகு பேச்சும் நின்றது. கெஞ்சினாலும் திட்டினாலும் தலையாட்டல்தான். ஆத்தூரில் இருக்கும் மகள் நஸ்ரின்கூடப் போனில், "அத்தாகிட்டக் குடும்மா" என்று கேட்பதை விட்டுவிட்டு, "அத்தா சாப்பிட்டாரா?" என்று மட்டும் கேட்க ஆரம்பித்தாள். கரண்டி நுழைகிற வாய் இடுக்கு நாளுக்கு நாள் குறுகுவதை பரிதா கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் ரமலான் வந்தது.

பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சும் அண்டாவுக்குப் பக்கத்தில் வருஷா வருஷம் கரண்டியோடு நிற்பவர் சிக்கந்தர். நோன்போடு காய்ச்சுகிறவர்கள் ருசி பார்க்க யோசிப்பார்கள். "ஆவிய மோந்தே உப்புச் சொல்லுவேன்," என்று பீற்றிக்கொள்வார். பாதி நாள் தப்பாகத்தான் சொல்லுவார். நோன்பு திறந்ததும் எல்லாரும் சேர்ந்து அவரைத் திட்டுவார்கள், மறுநாளும் அவரையே மோந்து பார்க்கச் சொல்லுவார்கள்.

இந்த வருஷம் கரண்டி ஆசிக்கின் கைக்குப் போனது. அண்ணனுக்குத் தூக்குவாளியில் கஞ்சி வந்தது. "நீங்க எதுக்கு அலையறீங்க? ஊட்டுலயே குடிங்க," என்று முதல் நாளே கொண்டுவந்து வைத்தான். இஞ்சியும் பச்சை மிளகாயும் மணக்க, மேலே கறித்துண்டுகள். பரிதா ஒரு கரண்டி ஆற்றி ஊட்டினாள். சிக்கந்தரின் கண்களிலிருந்து தண்ணீர் கொட்டியது. வெந்து ஆறிய தோலில் மிளகாய் என்ன செய்யுமென்று யாருக்கும் தோன்றவில்லை. வாளி மட்டும் தினமும் தவறாமல் வந்தது. "பள்ளிவாசல்லருந்து ஊட்டுக்கே கஞ்சி வருதாமே, குடுத்து வெச்சவங்க," என்று தெருவில் இரண்டு பேர் அவளிடம் சொல்லவும் செய்தார்கள்.

வெள்ளக்கடை கிராமத்திலிருந்து மிளகு கொண்டுவரும் கண்ணாயி அந்த வாரம் கடைக்கு வந்தாள். மூட்டையை இறக்கியவள், திரையைக் கையால் விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணே, உள்ற அடை உக்காந்திருக்கீங்களா? எத்தன குஞ்சு பொரிச்சிருக்குது?"

சிக்கந்தர் சிரித்துவிட்டார். வாயோரம் வழிந்தது, துடைத்துக்கொண்டார். பிறகு மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி உருட்டிப் பார்த்து, கன்னத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு என்னவோ சொன்னார்.

"அண்ணன் என்ன சொல்றாரு அண்ணி?" என்றான் ஆசிக்.

பரிதா வறுசட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னொருக்காச் சொல்லுங்கண்ணே," என்றாள் கண்ணாயி. அவர் சொன்னார். "ஈரமா? ஈரமாமா! நேத்து முச்சூடும் வெயில்ல கெடந்த மொளகுங்க இது. பாதி வாயி போயும் வெல கொறைக்கற வாயி மட்டும் போவல பாருங்க இவருக்கு!"

பரிதாவுக்கு அந்தப் பேச்சு ஒன்றும் உறைக்கவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அவரோடு சண்டை போட்ட முதல் ஆள் கண்ணாயிதான். அந்தச் சந்தோஷத்தில், அப்போதுதான் பள்ளிவாசலிலிருந்து ஆசிக் கொண்டுவந்து வைத்திருந்த கஞ்சி வாளியை எடுத்து அவளிடம் கொடுத்தாள்.

"அண்ணி, அது அண்ணனுக்குக் கொண்டாந்தது," என்றான் ஆசிக். "கறி தனியா அள்ளிப் போட்டுக் கொண்டாரேன். நீங்க பாட்டுக்குத் தூக்கிக் குடுக்கறீங்க."

"கறிய எந்தப் பல்லுல கடிப்பாரு தம்பி? அந்தப் பக்கம் தாடையே இல்ல. ஒருநாளாச்சும் 'அண்ணே, இது உனக்கு எறங்குதா'ன்னு கேட்டீங்களா?"

"பாவம்னுதானே அண்ணி..."

"பாவம்னா பக்கத்துல உக்கார வெச்சுக்கோணும். வாளியில ஊத்தி அனுப்பறது, அவரு அங்க வந்துரக்கூடாதுன்னுதானுங்களே?"

ஆசிக்குக்கும் கோபம் வந்துவிட்டது. "ஆமாங்க. நோன்பு வெக்காத மனுசனுக்கு நோன்பு தொறக்கற எடத்துல என்ன வேல? பத்துப்பேரு உக்காந்து சாப்புடற எடம். வடியுதுல்லங்க அண்ணி!"

கண்ணாயி வாளியை மெதுவாகக் கீழே வைத்தாள். திரைக்குப் பின்னால் நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது.

மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்த நேரம், பரிதா வாளியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சிக்கந்தர் முன்னால் வந்து நின்றாள். "வாளியத் திருப்பிக் குடுக்கப் போறேன். வரோணும்னு தோணினா வாங்க." அவ்வளவுதான் சொன்னாள். தெருவில் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். சர்ச் வளைவு தாண்டும்போது பின்னால் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது. அப்போதும் அவள் திரும்பவில்லை.

பள்ளிவாசல் வாசலில் பாத்திரங்களோடு பெண்களும் பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். கஞ்சி காய்ச்சும் சுஹைல் அண்டாவுக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்தார்.

"இந்த வாளி இனிமே ஊட்டுக்கு வேண்டாமுங்க," என்று பரிதா அதை மேடையில் வைத்தாள்.

"ஏம்மா, என்ன ஆச்சு? அவருக்கு என்ன வேணுமாம்?"

சிக்கந்தர் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். பரிதா உதட்டை இறுக்கிக்கொண்டாள். சொல்வதற்கு அவளிடம் ஒரு மூட்டை இருந்தது. அதையெல்லாம் விழுங்கிக்கொண்டு வாளியின் மூடியையே பார்த்துக்கொண்டு நிற்பதுபோல் கடினமான வேலை, குழாயில் கூழ் விட்ட நாட்களில்கூட இருந்ததில்லை.

சிக்கந்தர் ஏதோ சொன்னார். குழறலாக வந்தது. சுஹைல் பரிதாவைப் பார்த்தார். வரிசை முழுவதும் பரிதாவைப் பார்த்தது. அவள் மூடியைப் பார்த்தாள்.

சிக்கந்தர் கன்னத்தில் கையை வைத்து அழுத்தினார். "காரம். வேண்டாம்." மூச்சு வாங்கினார். "உள்ள. உக்காந்து. குடிக்கறேன்."

"காரம் வேண்டாமா? உள்ள உக்காந்தா?" சுஹைல் ஊற்றுவதை நிறுத்தினார். "அட, அத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க! சின்னப் புள்ளைங்களுக்குன்னு காரமில்லாமச் சின்னச் சட்டியில தனியா வெக்கறமே. கறியும் கெடையாது."

"தெனமுமா வெக்கறீங்க?" என்றாள் பரிதா.

"தெனமும்தாம்மா."

மொதல்லயே கேக்கறதுக்கென்ன என்று அவள் நாக்கு நுனிவரை வந்தது. மிளகாய்க் கஞ்சி வாளியில் நடந்து நடந்து வீட்டுக்கு வந்த அத்தனை நாளும், அவருக்கு ஏற்ற கஞ்சி இங்கே, அதே அடுப்புக்குப் பக்கத்தில், இருந்திருக்கிறது. யாருக்கும் மனதில் கெடுதல் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. கெடுதல் நினைத்தவனாக இருந்தால் பிடித்து உலுக்கலாம்.

சிக்கந்தர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்துபோனார்கள். பரிதா மட்டும் சுவரோரமாக நின்றாள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. உள்ளே பாய் விரித்த கூடத்தில் யார் தள்ளி உட்கார்ந்தார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், துண்டை எத்தனை முறை எடுத்தார், ஒன்றும் தெரியவில்லை. தெரியாததையெல்லாம் அவளே நினைத்து நினைத்து, இன்னும் கண்ணால் பார்க்காத மனிதர்கள் மேலெல்லாம் கோபப்பட்டு முடித்திருந்தாள்.

தொழுகை முடிந்து ஆண்கள் வெளியே வந்தார்கள். கடைசியில் சிக்கந்தர் வந்தார். மேல்துண்டு நெஞ்சுவரை நனைந்திருந்தது. அவளுக்கு நேராக வந்து நின்றார்.

"உப்பு கம்மி."

பரிதா அவர் முகத்தையே பார்த்தாள். "மோந்து பாத்துச் சொல்றீங்களா?"

அவர் இல்லையென்று தலையாட்டி, நாக்கு நுனியைக் கொஞ்சமாக வெளியே காட்டினார். அடிவாரத்து அறையில் செத்துப்போன ருசி திரும்பியிருந்தது.

"அத உள்ளயே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேன்."

ஆசிக் படியிறங்கி வேகமாக வந்தான். "அண்ணி, அண்ணன் உள்ள எல்லாரு முன்னாடியும் என்னப் பாத்து என்னமோ சொன்னாரு. என்னன்னு கேளுங்க."

"அவரயே கேளுங்க தம்பி," என்று சொல்லிவிட்டு அவள் நடக்க ஆரம்பித்தாள்.

பின்னால் ஆசிக்கின் குரல், வழக்கத்தைவிடச் சின்னதாக: "அண்ணே. இன்னொருக்காச் சொல்லுங்க."

"உப்பு கம்மி."

"உப்பா? சரி. நாளைக்கு நீங்களே நின்னு பாத்துச் சொல்லுங்க. அப்பறம் வேற என்னமோ சொன்னீங்களே?"

"தெர."

"என்னங்கண்ணே?"

"தெர." தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிக்கந்தர் குரலை உயர்த்தினார். "கடையில. தெரயக் கழட்டு."

இதற்கு அர்த்தம் சொல்லச் சொல்லி ஆசிக் அவளைக் கூப்பிடுவான் என்று பரிதா எதிர்பார்த்தாள். அவன் கூப்பிடவில்லை.