அப்புறம் சார்

"அப்புறம்?" என்று கேட்டுவிட்டு, கழுத்தில் தொங்கும் நிறுத்துக் கடிகாரத்தை ஒரு தட்டுத் தட்டுகிறார். மூக்குக்கண்ணாடி வில்லை தேய்க்கும் மாஸ்டர் ஈரக் கையை உதறிக்கொண்டு, தேய்த்ததும் கழுவுவேன் என்கிறார். மஞ்சள் சீட்டில் 'கழுவுதல்' என்று எழுதிச் சுவரில் ஒட்டுகிறார் மனிதர். "அப்புறம்?" துடைப்பாராம். இன்னொரு மஞ்சள். "அப்புறம்?" மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "அப்புறம் என்ன சார், நீங்க நகர்ந்தா அடுத்ததை எடுப்பேன்." அதையும் எழுதி ஒட்டியாகிவிட்டது.

மூக்குக்கண்ணாடிப் பட்டறைக்கு அவர் வந்து பத்து நாளாகிறது. வேலையைச் செம்மைப்படுத்தப் போகிறாராம். அதற்கு முன், கடைகளிலிருந்து ஆர்டர் சீட்டு வருவது தொடங்கிக் கண்ணாடி பெட்டிக்குள் போவது வரை அத்தனையும் சுவரில் படமாக ஏறியாக வேண்டும். இரண்டாம் நாளே 'அப்புறம் சார்' என்று பெயர் விழுந்துவிட்டது.

உட்காரமாட்டார். உட்கார்ந்தால் வேலை ஓடுவது தெரியாதாம். சட்டைப்பையில் நான்கு நிறப் பேனா. தடித்த கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் இரண்டும் பெருத்து, எதையோ கண்டு திடுக்கிட்டவர்போல் எப்போதும் விழித்துக்கொண்டிருக்கும். ஆனால் இந்தப் பத்து நாளில் ஒரு வில்லையைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில்லை. வீட்டிலும் இதே கூத்துதான் போலும். ஒருநாள் மனைவி போனில், குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறாள். "சரி, அப்புறம்?" என்றார். மறுமுனை பட்டென்று வைத்துவிட்டது.

வேலை நடந்தால் மஞ்சள், நின்றால் சிவப்பு. சுவரில் அறுபத்திரண்டு மஞ்சளுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு. அது பதிவு அக்காவின் மேசை.

வரும் சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுபவள் அவள். பவருக்கு முன்னால் ப்ளஸ், மைனஸ் குறி விட்டுப்போயிருந்தால் ஏற்றமாட்டாள். எழுதியவரைப் போனில் பிடித்துக் கேட்பாள். பதில் வரும்வரை சீட்டு நகராது. பதினாலு வருடமாக இப்படித்தான். குறி மாறிய கண்ணாடியோடு ஒருவர் மாடிப்படி இறங்கினால் என்னவாகும் என்று அப்புறம் சாரிடம் சொல்லிப் பார்த்தாள். அவரோ 'தாமதம்' என்று எழுதி ஒட்டிவிட்டு, "குறி இல்லாட்டி மைனஸ்னு கம்ப்யூட்டரே எடுத்துக்கட்டும். பெரும்பாலும் அதானே வருது?" என்றார். முதலாளியும் தலையாட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை சிவப்பு போகும். கூடவே அவள் நாற்காலியும். ஏற்கெனவே வேலையில்லாமல் வீட்டிலிருக்கும் கணவரிடம் இதை எந்த வாயால் சொல்வது?

வியாழக்கிழமை வந்த சீட்டுகளில் ஒன்று பச்சைப் பேனாவில் இருந்தது. முதலாளி தயவில் தனக்கும் ஒரு கண்ணாடி செய்துகொள்ள அப்புறம் சாரே எழுதிப் போட்டது. இரண்டு கண்ணுக்கும் நாலரை. குறி இல்லை.

ப்ளஸ் வில்லைதான் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும்; அந்தப் பெருத்த கண்களைப் பார்த்தாலே அவளுக்குப் பதில் தெரியும். அவர் சொன்னபடியே மைனஸ் என்று ஏற்றிவிட்டால் என்ன என்றும் ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. பிறகு போனை எடுத்தாள்.

ஆறடி தள்ளிச் சுவரைப் பார்த்து நின்றவரின் பையில் மணி அடித்தது. கை பழக்கத்தில் முதலில் கடிகாரத்தைத் தட்டியது. அப்புறம்தான் போனுக்குப் போனது.

"சார், பதிவு மேசையிலேருந்து பேசறேன். உங்க சீட்டுல ரெண்டு கண்ணுக்கும் நாலரைன்னு இருக்கு. ப்ளஸ்ஸா, மைனஸா?"

அவர் திரும்பிப் பார்த்தார்.

"ப்ளஸ்" என்றார்.

"சரி சார். அதைக் கேக்கத்தான்."

அவர் சுவரை நெருங்கினார். சிவப்புச் சீட்டின் ஒரு முனை பசை விட்டு எழும்பி நின்றது. அவர் கை அதைப் பிய்க்கப் போவதுபோல் நீள்வதை அவள் பார்த்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். 'தாமதம்' என்பதற்குக் கீழே 'நாற்பத்தொரு விநாடி' என்று எழுதினார். எழும்பிய முனையை, வெள்ளிக்கிழமையானாலும் பெயராதபடி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து ஒட்டினார்.