பனியில் முன்னால் நடந்தவர்

என் கணவர் என்னோடு சேர்ந்து நடந்ததே இல்லை. எங்கள் ஊர் பாசிர் கூடாங்கின் இரவுச் சந்தையில்கூடப் பத்தடி முன்னால் போவார். நான் காய்கறிப் பையோடு பின்னால் ஓட வேண்டும். கேட்டால், "நீ ஆமை மாதிரி வர்ற, நான் என்ன பண்றது?" என்பார்.

போன ஆண்டு அவருக்கு நெஞ்சுவலி வந்து, இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். தொழிற்சாலையின் ஷிப்ட் வேலையை விட்டுவிட்டார். எங்கள் மகள் ஜப்பானில் ஒரு மலை ஊரில் ஹோட்டல் வேலை செய்கிறாள். பனிக்காலத்தில் வரச் சொல்லி நச்சரித்தாள். சமதரையில் நடக்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். வெளிநாட்டுப் பழைய துணி விற்கும் பண்டல் கடையில் குளிர்ச்சட்டைகள் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். என்னுடையதில் ஜப்பானிய எழுத்தில் யாருடைய பெயரோ இருந்தது.

அந்த ஊரில், உறைந்த ஏரியைச் சுற்றிப் பனிச்சறுக்கு ஓடுபவர்களுக்கென்று இயந்திரத்தால் இரட்டைத் தடம் போட்டிருக்கிறார்கள். அதில் நம் கால் படக்கூடாது. ஓரமாக, யாரும் மிதிக்காத பனியில் நடக்க வேண்டும். அதற்காக மகள் எங்கள் பூட்ஸுக்கு அடியில் முறம்போல அகலமான ஸ்னோஷூவைக் கட்டிவிட்டாள். என் காலை நானே மிதித்து இரண்டு முறை விழுந்தேன். அவர் சிரித்தார்.

"முன்னால போறவங்கதான் பனிய மிதிச்சு வழி போடணும். அதுதான் கஷ்டம். மாறி மாறிப் போங்க," என்று சொல்லிவிட்டு மகள் வேலைக்குப் போனாள்.

வழக்கம்போல அவர்தான் முன்னால் போனார். கால் மணி நேரத்தில் அவர் மூச்சு எனக்குக் கேட்டது.

"மாத்திக்கலாங்க."

"ஒன்னும் இல்ல லா."

அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். மூன்றாம் முறை கேட்டபோது நான் நகராமல் நின்றுவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்கி வழி விட்டார்.

உண்மையைச் சொன்னால், முன்னால் போவது பெருமையாக இருந்தது. என் காலடியில் பனி நொறுங்கும் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழவில்லை. அவரை மறந்தே போனேன். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம்.

 ஸ்னோஷூவைக் கட்டிக்கொண்டு ஓடவும் முடியாது. விழுந்து எழுந்து திரும்பிப் போனேன். வளைவுக்கு அப்பால், சாய்ந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்திருந்தார். கை நெஞ்சில் இருந்தது.

"வலிக்குதா?"

"இல்ல."

"மூச்சு வாங்குதா?"

"இப்ப இல்ல." நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். "பயமா இருக்கு. மறுபடி வந்துருமோன்னு."

வலி இல்லை, வெறும் பயம்தான் என்றதும் உயிர் வந்தது எனக்கு. அடுத்த நிமிடமே கோபம் வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த நாள் முழுக்க, வந்தவர்களிடமெல்லாம் "ஒன்னும் இல்ல" என்று சிரித்துக்கொண்டிருந்தவர் இவர். அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன். அழுவதற்குக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொள்வேன்.

"இத அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ பயந்துருவியே."

"நான் பயப்படலன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்றேன்.