கிருமாம்பாக்கத்தை மறைத்த விண்ணப்பம்

வாசகர்களே, நீங்களே சாட்சி. வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையவழியில் பேச்சுப் பயிற்சி அளிக்க, அமெரிக்காவில் நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்தேன். வகுப்புக் கட்டணத்தைப் பெற்றுத்தரும் இணையச் சேவை, உரிமையாளரின் வீட்டு முகவரியைக் கேட்டது. மேடைதோறும் மண்ணின் பெருமையை முழங்கிய நான், என் சொந்தக் கிராமமான கிருமாம்பாக்கத்தின் பெயரை எழுதக் கூசி, நிறுவனத்தின் அமெரிக்கத் தபால் முகவரியையே என் வீடாக எழுதினேன். அங்கு வசிப்பதற்குச் சான்று கேட்டார்கள். சான்று இல்லாததால் மூன்று பக்க வாதம் எழுதி அனுப்பினேன். கணக்கை நிரந்தரமாக மூடிவிட்டார்கள், கட்டணம் வாங்க வழியின்றி வகுப்பும் நின்றது. பொய் என்னுடையது, முறையிட வழியில்லை.

"உன் பேங்க் பாஸ்புக்குல நம்ம வூட்டு அட்ரஸ்தானடா இருக்குது? அத்த அனுப்ப இன்னா வெக்கம்?" என்றார் அம்மா.

பேச்சுப் போட்டிகளில் வென்ற பரிசுக் கோப்பைகள் நிறைந்த என் அறையில் நின்று, வாய்விட்டே சொன்னேன்: "இனி யார் கேட்டாலும் கிருமாம்பாக்கம்னுதான் எழுதுவேம்மா."