பால்னா முடி

எனக்கு வாய் ஜாஸ்தி. விடியக்காலை போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போற ஜீப்புல நான் ஏறிட்டா, டிரைவர் அண்ணனுக்குப் பாட்டுப் போடுற சோலி மிச்சம்.

போன வருசம் எங்க தோட்டத்துக்கு வடக்கேருந்து ஆளுக வந்தாக. மேலேயே தோட்டத்து லயத்து வீட்டுல தங்கல். அதுல ஒருத்தி எனக்குப் பக்கத்து வரிசை. அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு இந்தி வராது. நாள் பூரா உம்முன்னு குத்தவெச்சுக் காய் எடுக்க என்னால ஆகுமா? ஒவ்வொண்ணாக் கையக் காட்டி அவ வார்த்தையக் கேட்டு, மகளோட பழைய நோட்டுல தமிழ் எழுத்துலயே எழுத ஆரம்பிச்சேன்.

முதப் பக்கத்துலயே கூத்து. தலைமுடியத் தொட்டேன், 'பால்'னு சொன்னா. சொல்றப்ப உதடு வேற மாதிரி போகுது, நம்ம எழுத்துல எழுதினா அதுவும் நாம குடிக்கிற பாலும் ஒண்ணுதான். பழத்துக்குப் 'பல்'. நேத்துக்குக் 'கல்', நாளைக்கும் அதே 'கல்'. அடி ஆத்தீ, நேத்தும் நாளைக்கும் ஒண்ணுன்னா இவுக எப்படிப் பொழைக்கிறாகன்னு இருந்துச்சு. மலையாளத்து மேஸ்திரி வேற, எங்க ஊர்ப் பேருல 'பட்டி'ன்னு வந்தாலே சிரிப்பார். அவருக்குப் பட்டின்னா நாய். சாடை ஒண்ணா இருந்தா பங்காளியாயிருவாகளா? எழுத்தும் அப்படித்தான்.

இதையெல்லாம் ஜீப்புல படிச்சுக் காட்டுவேன். "இந்திக்காரி பாலுக்கு எண்ணெய் தேய்க்கிறாளாம்டி"ன்னா பொம்பளைக குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாளுக. அவ இல்லாத எடத்துல அவள வெச்சுச் சிரிச்சதுதான். இப்ப சொல்ல வெக்கமா இருக்கு.

எங்ககிட்ட ஒரு பழக்கம். சாயங்காலம் விசில் ஊதினதும் சோத்துத் தூக்குவாளிய முன்னாடி அனுப்பி ஜீப்புல எடம் போட்டுருவோம். வாளி இருந்தா ஆள் இருக்கிற மாதிரி. டிரைவர் அண்ணனும் வாளியத்தான் எண்ணுவார். அன்னைக்கு என் வாளியக் கூட்டாளிகிட்டக் கொடுத்துவிட்டுட்டு ஒதுங்கப் போனேன். மழை ஈரம். பாறை வழுக்கி ஓடைச் சரிவுல விழுந்தேன். கணுக்காலுக்கு மேல எலும்பு மடக்குன்னுச்சு.

கத்தினேன். செடியெல்லாம் ஆள் உசரத்துக்கு மேல, பத்தடிக்கு அங்கிட்டு மஞ்சு மூட்டம். ஜீப்பு கெளம்புற சத்தம் கேட்டுச்சு. வாளிக் கணக்குச் சரியா இருந்திருக்கு! எனக்கு எடம் போட்ட வாளி என்னைய விட்டுட்டு எறங்கிப் போயிருச்சு. இருட்டினா யானை எறங்குற தடம் அது. எம்மகள நெனச்சுத்தான் அழுதேன்.

தண்ணி மோக்க ஓடைக்கு வந்தவ அவதான். கொடத்தப் போட்டுட்டு ஓடியாந்தா. "கல்லு, கல்லு"ன்னு பாறையக் காட்டிப் பொலம்புறேன். அவளுக்கு அது நேத்தோ நாளைக்கோ, யாரு கண்டா. கோணிக் கெடந்த கால அவ கண்ணு பாத்துருச்சு. ரெண்டு குச்சி ஒடிச்சு, மாராப்புத் துணியக் கிழிச்சுக் கட்டினா. என்னைய முதுகுல ஏத்திக்கிட்டு அந்தச் சரிவ ஏறினா. நான் ஒண்ணும் பூவு இல்ல, சாமி!

மேஸ்திரி வேற ஜீப்பு ஏற்பாடு பண்ணினார். அவளும் ஏறிக்கிட்டா. கொண்டை ஊசி வளைவு அவளுக்கு ஒத்துக்கல, வழியெல்லாம் வாந்தி. தலைய வெளிய நீட்டி எடுத்தாளே ஒழிய, மடியில இருந்த என் கால ஆடவிடல. அந்தக் கையத்தான் நான் சாகுற மட்டும் கும்பிடுவேன்.

"ஆடாமக் கொண்டாந்ததுனால கால் பொழச்சுச்சு"ன்னார் டாக்டர். நர்சம்மா சீட்டு எழுத, "கூட வந்தவுக பேரு?"ன்னு கேட்டாக.

ஒரு நோட்டு நெறைய அவ பாஷைய எழுதி வெச்சிருக்கேன். அவ பேர மட்டும் கேக்கவே இல்ல. வருசம் பூரா 'இந்திக்காரி'தான்.

அவ கையப் பிடிச்சு இழுத்தேன். எம்மாருல வெரல வெச்சு எம்பேரச் சொன்னேன். பெறகு அவளப் பாத்து வெரல நீட்டினேன். வாந்தியெடுத்துச் சோர்ந்த மூஞ்சியோட சிரிச்சு, சொன்னா. நர்சம்மா எழுதி முடிக்கிறதுக்குள்ள அந்தப் பேர நான் மூணு தரம் சொல்லிப் பாத்துக்கிட்டேன்.