மூன்றாம் தண்ணீருக்கு முந்தைய நாள்

திருபுவனையை விட்டு வில்லியனூர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். ஷிப்ட் முடிய இன்னும் நேரமிருந்தது. சூப்பர்வைசரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. கேட்டில் லாக்கரில் பூட்டி வைத்திருந்த போனையும் என் பையையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். யாரோடும் சண்டை இல்லை. பிளாஸ்டிக் மூடி வார்க்கிற மெஷின் முன்னால் ஒரே இடத்தில், ஒரே சூட்டில் நிற்பது எனக்கு ஒத்துவரவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எனக்கு வேலை கிடைப்பதில் என்றைக்கும் கஷ்டம் இருந்ததில்லை, அதில் தங்குவதில்தான் கஷ்டம். திருப்பூரில் சாயப்பட்டறை, நெல்லூர்ப் பக்கம் இறால் குட்டை, சென்னையில் காய்கறி லோடு வண்டி. எல்லாவற்றிலும் இப்படித்தான் ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு வெள்ளை வேன் நின்றிருந்தது. வீட்டுக்கே வந்து வைத்தியம் பார்க்கிற வண்டி. படுக்கையில் கிடக்கிறவர்கள், ஆஸ்பத்திரிக்கு அலைய முடியாதவர்கள் வீடுகளுக்கு வாராவாரம் போகும். டிரைவருக்கு என் வயதுதான் இருக்கும். பேட்டரி போய்விட்டது, ஒரு கை கொடு தலைவா என்றான். தள்ளினேன். பிடித்துக்கொண்டது. உள்ளே நர்ஸ் உட்கார்ந்திருந்தார், நாற்பதைத் தாண்டியவர், கழுத்தில் சின்னச் சிலுவை. எங்கே போகிறாய் என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். பாகூர்ப் பக்கம் என்றார். நானும் அங்கேதான் என்று ஏறிக்கொண்டேன்.

வழியெல்லாம் சிஸ்டர் போனில் ஒரே எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தார். எடுக்கவில்லை. டிரைவர்தான் எனக்கு விவரம் சொன்னான். குருவிநத்தத்தைத் தாண்டி ஒரு ஊர். அங்கே ஒரு அம்மா, கால் புண்ணோடு இருக்கிறார், சர்க்கரைக்குத் தினமும் இன்சுலின் ஊசி. வாராவாரம் சிஸ்டர் போய்ப் புண்ணைக் கட்டிவிட்டு வருவார். போன வாரம் வீட்டுக்காரர் போனில், அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், வராதீர்கள் என்று சொல்லிவிட்டாராம்.

“கீழ ஊன்ற முடியாத கால வச்சிகினு எந்த அம்மா வூட்டுக்குப் போவும்?” என்றார் சிஸ்டர், யாரிடம் என்றில்லாமல்.

அந்தத் தெருவுக்குள் வண்டி திரும்பியதும் அவருக்குப் புரிந்துவிட்டது. வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது. வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தார்கள். வீட்டில் யாருக்கோ அம்மை. எங்கள் பக்கத்தில் அம்மை போட்ட வீட்டுக்குள் வெளியாள் நுழைய மாட்டான். தாளிக்கிற வாசனை வரக்கூடாது. மருந்து, மாத்திரை, ஊசி எதுவும் உள்ளே வரக்கூடாது. அம்மைக்கு மட்டும் இல்லை, அந்த வீட்டில் இருக்கிற யாருக்கும், எந்த நோய்க்கும். வந்திருப்பது தாய். அவள் இருக்கிற இடத்தில் ஊசி குத்தினால் அவளைக் குத்தின மாதிரி.

வண்டி நின்றதும் சிஸ்டர் டிரைவரை இறங்க வேண்டாம் என்றார். அவனுக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததில்லை, அவன் பெண்டாட்டி மாசமாக இருக்கிறாள். அவனுக்குத் தொற்றி அவளுக்குப் போனால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. அவன் வண்டியைத் தெரு முனைக்குப் பின்னால் எடுத்துக்கொண்டு போய் நிறுத்தினான்.

வீட்டுக்காரர் வெளியே வந்தார். கொத்து வேலை செய்கிற ஆள், காலில் செருப்பு இல்லை, பல நாள் தாடி. படிக்குக் கீழேயே எங்களை நிறுத்திவிட்டார். மருமகளுக்குத்தான் அம்மையாம். கல்யாணமாகி வந்த முதல் வருஷம். அவளைப் பார்த்துக்கொள்வது மாமியார்தான். வேப்பிலை அரைத்துத் தடவுவது, விசிறுவது, இளநீர் கொடுப்பது எல்லாம் அந்தக் காலோடு அந்த அம்மாதான் செய்திருக்கிறார். ஊசியை நிறுத்தியதும் அவரேதான். வேப்பிலை போட்டுத் தலைக்கு ஊற்றுகிற முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. நாளைக் காலை மூன்றாம் தண்ணீர். அதை ஊற்றிவிட்டால் தாய் இறங்கிவிடுவாள்.

“நாளைக்கு மூணாந்தண்ணி ஊத்தினதும் நானே ஆட்டோ வச்சி இட்டாந்துடறேன், நர்சம்மா. ஒரு ராத்திரிதான்.”

“இப்ப எப்டி இருக்காங்க? அத சொல்லுங்க.”

அவர் உள்பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. யாரோ வேகமாக ஓடி வந்து நின்றதுபோல மூச்சு. ஆழமாக, விடாமல். சிஸ்டரின் முகம் மாறியதைப் பார்த்தேன். வாந்தி எடுத்தார்களா என்று கேட்டார். காலையிலிருந்து என்றார் அவர். பேசுகிறார்களா? கூப்பிட்டால் முனகுகிறாள்.

மகனுக்குப் போன் போடுங்கள், அவரிடம் பேசுகிறேன் என்றார் சிஸ்டர். மகன் திருபுவனையில் வேலை, எவ்வளவு அடித்தாலும் எடுக்கவில்லை என்றார். எடுக்க மாட்டான், போனை வாங்கிப் பூட்டி வைத்திருப்பார்கள், ஷிப்ட் முடிந்துதான் கொடுப்பார்கள் என்று நான் சொன்னேன். அப்போதுதான் வீட்டுக்காரர் என்னை ஒரு ஆளாகவே பார்த்தார்.

ஆகமொத்தம் முடிவு சொல்ல வேண்டியவர் அவர் ஒருவர்தான்.

சிஸ்டர் கத்தவில்லை. உள்ளே போய்ப் பார்க்க மட்டும் விடுங்கள் என்றார். அவர் தலையாட்டினார், முடியாது என்று. நாலு வீடு ஏறி இறங்கி வருகிறீர்கள், தீட்டு, பையில் ஊசி இருக்கிறது. பிறகு கொஞ்சம் தயங்கி, உங்களுக்கு இதெல்லாம் தெரியாது என்றார், சிலுவையைப் பார்த்துக்கொண்டே.

“எங்க வூட்ல அம்மை வந்தா இன்னா ரோஜாப்பூவா கட்டறோம்? நாங்களும் வேப்பிலதான்யா.”

சிஸ்டர் மருந்துப் பையை என் கையில் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார். எதிரே தெருக்குழாய் இருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு பக்கெட் வாங்கி, யூனிபார்ம் புடவையோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். ஒன்று, இரண்டு, இன்னும் ஒன்று. தெருவில் பெண்கள் நின்று பார்த்தார்கள். சொட்டச் சொட்ட வந்து வெறுங்கையை விரித்துக் காட்டினார். வீட்டுக்காரருக்கு வழிமறிக்கக் காரணம் இல்லாமல் போய்விட்டது. ஒதுங்கினார்.

சிஸ்டர் உள்ளே போய் உடனே வெளியே வந்தார். அந்த அம்மாவின் மூச்சில் அழுகிய பழ வாடை அடிக்கிறது, நாக்கு காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, உடம்பில் சர்க்கரை ஏறி விஷமாகிவிட்டது என்றார். இதையெல்லாம் வீட்டுக்காரரிடம் மெதுவாகத்தான் சொன்னார்.

“ஊசிய இங்க போடல. வூட்டுக்கு வெளிய, வண்டில வச்சி போடறேன். தூக்க மட்டும் வுடுங்க.”

“தாயி இருக்கும்போது வூட்லருந்து ஒரு பொருள்கூட வெளிய தர்றதில்ல. மனுஷிய எப்டிமா தூக்கிக் குடுக்கறது? அந்தப் பொண்ணுக்கு எதுனா ஆச்சின்னா அவங்க அப்பனுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?”

அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஒரு பக்கம் பெண்டாட்டி, இன்னொரு பக்கம் ஊரான் வீட்டுப் பெண். பெண்டாட்டியே அந்தப் பெண்ணுக்காகத்தான் ஊசியை நிறுத்தியிருக்கிறாள். இப்போது அவர் சரி என்றால் பெண்டாட்டி பட்ட பாடெல்லாம் வீண் என்று நினைத்தாரோ என்னவோ. நாளைக்கு, நாளைக்கு என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். நாளைவரை தாங்காது என்றார் சிஸ்டர். உள்ளே மூச்சு சத்தம் இடைவெளி விட்டு வர ஆரம்பித்தது. நான் பையைப் பிடித்தபடி நின்றேன். எத்தனையோ இடத்தில் ஆட்கள் செத்ததைப் பார்த்திருக்கிறேன். சாவு இவ்வளவு மரியாதையாக வாசலில் பேசி முடிவாவதைப் பார்த்ததில்லை.

அப்போதுதான் மருமகள் எழுந்து வந்தாள். வெள்ளைத் துணி சுற்றியிருந்தாள். முகமெல்லாம் பக்கு, கண்ணை முழுதாகத் திறக்க முடியவில்லை. கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிலைக்கு உள்பக்கம் நின்றாள். மாமனார் எதிரில் வந்து நின்று பேசிப் பழக்கமில்லாத பெண் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

“என்னக் காட்டி அவங்கள சாவடிக்காதீங்க. அனுப்புங்க. நான் சொல்றேன், அனுப்புங்க.”

தெருவில் நின்ற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மை போட்ட உடம்பு தாய் இருக்கிற உடம்பு. அந்த வாயிலிருந்து எது வந்தாலும் அது தாய் கேட்டது. ஐஸ் கேட்டால் ஐஸ், நுங்கு கேட்டால் நுங்கு, எங்கிருந்தாவது கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். வீட்டுக்காரர் மருமகளைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

“சரி தாயே.”

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். “உனக்கு அம்மை வந்திருக்கா?”

நெற்றியிலும் கழுத்திலும் இருந்த வடுக்களைக் காட்டினேன். “வண்டி ஓட்டுவியா?” லோடு வண்டி ஓட்டியிருக்கிறேன் என்றேன். “லைசென்ஸ்?” என் பையில் இருக்கிறது என்றேன். “போய்க் குளிச்சிட்டு வா.”

சட்டையோடு குளித்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த அம்மாவை உட்காரவைத்து, வீட்டுக்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தூக்கினோம். கனமே இல்லை. கால் கட்டு எப்போதோ அவிழ்ந்து, புண்ணில் மஞ்சள் பூசியிருந்தது. நிலையைத் தாண்டும்போது வீட்டுக்காரர் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். டிரைவர் தூரத்திலிருந்தே சாவியை வீசினான், செகண்ட் கியர் இறுக்கமாக இருக்கும் என்று கத்தினான். அவனை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

தெரு தாண்டியதும் சிஸ்டர் விரலில் குத்திப் பார்த்தார். மீட்டரில் எண் வரவில்லை, எழுத்துதான் வந்தது. அந்த மெஷின் எண்ணக்கூடிய அளவையெல்லாம் தாண்டிவிட்டது என்றார். டாக்டரிடம் போனில் கேட்டுக் கேட்டு சலைன் ஏற்றினார். ஓரம் நிறுத்து என்றார், நரம்பு கிடைக்கும்வரை நிறுத்தினேன். போ என்றார், போனேன். வாய்க்கால் பாலத்தில் ஒரு வைக்கோல் டிராக்டர் முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு போனது. ஹாரன் அடித்து அடித்துக் கை வலித்தது. பின்னால் வீட்டுக்காரர் பெண்டாட்டியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, சொன்னது தாயா அந்தப் பெண்ணா என்று சிஸ்டரிடம் கேட்டார்.

“ரெண்டு பேரும் அதத்தான் சொல்லியிருப்பாங்க. அந்த பாட்டில இன்னும் கொஞ்சம் தூக்கிப் புடிங்க.”

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போதும் மூச்சு இருந்தது. உள்ளே கொண்டுபோனார்கள். அதற்குமேல் எங்களுக்கு வேலை இல்லை. வீட்டுக்காரர் சுவரோரம் குந்தினார். மூன்றாம் தண்ணீர் ஊற்ற வேண்டியவளே இங்கே படுத்திருக்கிறாள், நாளைக்கு யார் ஊற்றுவது என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நான் சொல்கிறேன் என்றார் சிஸ்டர். புடவை இன்னும் முழுதாகக் காயவில்லை.

வண்டியை வில்லியனூரில் அவர்கள் ஆபீசில் கொண்டுபோய் விட்டேன். படுக்க இடம் உண்டா என்று வாட்ச்மேனைக் கேட்டேன். வராந்தாவைக் காட்டினார்.

காலையில் சிஸ்டர் வந்தபோது பல் விளக்கிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார்களாம். அந்த அம்மாவுக்கு நினைவு திரும்பியிருக்கிறது. கண் விழித்ததும் அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்றா என்று கேட்டிருக்கிறார். காலின் கதி என்ன ஆகும் என்று இப்போது சொல்ல முடியாது.

அந்தப் பக்கம் இன்னும் சில ஊர்களில் அம்மை இருக்கிறது, பழைய டிரைவரைக் கொஞ்ச நாளைக்கு அனுப்ப முடியாது, நீ ஓட்டுகிறாயா என்று கேட்டார். நிரந்தர வேலை இல்லை என்று எச்சரிக்கிற மாதிரி சொன்னார். எனக்கு அதுதான் வசதி என்று சொல்லவில்லை. சரி என்றேன்.

“சுகர்க்காரங்க, பிரஷர்காரங்க, டிபி மாத்திர சாப்புடறவங்க எல்லார் வூட்டுக்கும் போறோம். யாருனா நல்லாத்தான் இருக்கோம், நீங்க போங்கன்னு சொன்னா, அங்க மட்டும் வண்டிய ஆஃப் பண்ணிடு.”

முதல் ஊரில், முதல் வீட்டில், ஒரு பெரியவர் படலைத் திறக்காமலே நல்லாத்தான் இருக்கேன் என்றார். சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினேன்.